பெண்டிகோவில் ஒரு குதிரைத் தொட்டி

முப்பது வருடங்களுக்கு முன்னால், நெய்வேலி சுரங்கத்துக்காக நிலம் எடுத்த ஒரு கிராமத்தில், ஒரு சுமைதாங்கிக் கல்லை நில அளவைக் கல் என்று நான் பதிவேட்டில் எழுதினேன். தெரியாமல் அல்ல, தெரிந்தேதான் எழுதினேன்.

சுமைதாங்கி என்பது இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக வழியோரத்தில் வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் சுமையை அதன் மேல் இறக்கி வைக்கலாம், இளைப்பாறிவிட்டுத் தானே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். யாரோ ஒருவர் இறக்கி வைக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் பாரமும் இறங்குகிறது என்று நம்பினார்கள்.

நான் அப்போது ஒரு ஒப்பந்தக்காரரிடம் சர்வேயர். எங்களுக்குக் கொடுத்த தாளில் வீடு, கிணறு, மரம், கோயில், பம்ப்செட் என்று கட்டங்கள் இருந்தன. சுமைதாங்கிக்குக் கட்டம் இல்லை. ‘இதர’ என்ற கட்டத்தில் எழுதியிருக்கலாம். எழுதினால் தனியாக ஒரு தாள், ஒரு புகைப்படம், ஊரில் நாலு பேர் கையெழுத்து, இன்னொரு நாள் அந்த வெயிலில் வரவேண்டும். மறுநாள் எனக்கு விடுப்பு. ‘நில அளவைக் கல் – 3’ என்று எழுதிப் பக்கத்தை முடித்துவிட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் கல் யாருக்காக வைக்கப்பட்டதோ அந்தப் பெண்ணின் கணவர், கலியபெருமாள், மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். “நானே ஏத்திகினு போயிடறேங்க. குடுத்திருக்கற மனையில வச்சிக்கறேன்” என்றார். எனக்கு எரிச்சல். எழுதிய பக்கத்தை இனி அடிக்க முடியாது. “கை வைக்காதே. அது சர்வே கல்லு. நகர்த்தினா கேஸ் ஆகும். எடுக்க வேண்டியவங்க எடுத்து வைப்பாங்க” என்றேன்.

சர்வே கல் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அதில் ஆட்டைக்கூடக் கட்டமாட்டார்கள். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சில நாள் கழித்து புல்டோசர் வந்தது. ஓட்டியவர் மேல் தப்பில்லை. அவர் கையில் இருந்த வரைபடத்தில் அது சர்வே கல்தான். நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். மூன்று கல் ஏழெட்டாக உடைந்து மண்ணோடு போயிற்று. மறுநாள் கலியபெருமாள் கற்பூரத்தோடு வந்து, “எங்கங்க கல்லு?” என்றார். “பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க” என்றேன். என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது எனக்கு எழுபத்து நாலு வயது. நெய்வேலிக்குப் பக்கத்தில், வடக்குத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். என் மகள் கவிதா மெல்போர்னில் இருக்கிறாள். போன வருடம் அங்கே ஏதோ பொங்கல் விழா. வீடியோவில் கூப்பிட்டு, “அப்பா, நம்ம நெய்வேலிக்காரர் ஒருத்தர்” என்று ஒரு முகத்தைக் காட்டினாள். நாற்பது வயதிருக்கும். “வணக்கம் சார். நான் இளங்கோ. ஆலங்கொல்லை. மைன்ஸுக்குள்ள போயிடுச்சே, அந்த ஊரு. எங்கப்பா பேரு கலியபெருமாள்” என்றார். சிக்னல் போய்விட்டது என்று சொல்லி நான் துண்டித்தேன்.

கலியபெருமாள் இறந்துவிட்டார் என்று பிறகு கவிதா மூலம் தெரிந்தது. இளங்கோ பெண்டிகோ என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு தங்கச் சுரங்கத்தில் கனரக வண்டிகளுக்கு மெக்கானிக். பேரனைப் பார்க்க வேண்டும் என்று மகளிடம் சொல்லி விமானம் ஏறினேன். பேரனையும் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

மெல்போர்ன் விமான நிலையத்தில் என்னை ஒரு பெண் அதிகாரி தனியாக நிறுத்தினார். பண்ருட்டிப் பலாக்கொட்டை ஒரு பை நிறைய வைத்திருந்தேன். விதை கூடாது என்று எடுத்துக்கொண்டார். பிறகு என் பூட்ஸைத் திருப்பிப் பார்த்து, “இது எந்த ஊர் மண்?” என்றார். வடக்குத்துச் செம்மண் என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? அதை உள்ளே எடுத்துப் போய்க் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு குன்றளவு மண்ணை நாங்கள் ஒரு ஷிப்டில் புரட்டிப் போடுகிறவர்கள். இங்கே பூட்ஸ் இடுக்கில் இருந்த ஒரு சிட்டிகைக்கு இத்தனை மரியாதை. பெட்டியின் அடியில் இருந்த, ஆலங்கொல்லையில் எழுதிய என் பழைய அளவைக் குறிப்பேட்டையும் புரட்டினார். அதிலும் மண் இருந்தது. தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து பெண்டிகோவுக்குக் கிளம்பினேன். இளங்கோ ஆளனுப்பாத குறையாகக் கூப்பிட்டிருந்தார். “மூணு நாள் லீவு போட்டிருக்கேன் சார். ஊரையே சுத்திக் காட்டறேன்.” எனக்கு ஊரைச் சுற்ற வேண்டாம். அரை மணி நேரம் போதும். ஆனால் அதைப் போனில் எப்படிச் சொல்வது?

ரயில் நிலையத்துக்குப் போனால் ரயில் இல்லை. தண்டவாள வேலை, அதனால் பேருந்து. ஆரஞ்சு நிறச் சட்டைக்காரர் ஒருவர் ஒவ்வொரு பயணியிடமும் நான்கு முறை மன்னிப்புக் கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார். குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை, ஆனால் கடலூர் பஸ் வந்துவிடும். இந்த மனிதர் இவ்வளவு சுலபமாக மன்னிப்புக் கேட்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் ஒரே ஒரு முறை கேட்பதற்குக் கடல் தாண்டி வந்திருக்கிறேன்.

பேருந்தில் பையை மடியில் வைக்கக் கூடாதாம். ஓட்டுநர் அம்மாள் பிடுங்காத குறையாக வாங்கி, அடியில் இருந்த அறையில் தள்ளிவிட்டார். குறிப்பேடு அதில் இருந்தது. பின் சீட்டில் ஒரு ஆள் வழியெல்லாம் போனில், “இல்லை செல்லம், ரயில் இல்லை. ஆமாம், மறுபடியும்தான். இல்லை, நான் குடிக்கவில்லை” என்று யாருக்கோ சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

ஒன்றரை மணி நேரத்தில் ஓர் ஊர் வந்தது. மணல் நிறக் கல் கட்டடங்கள், ஒரு மணிக்கூண்டு, தூணும் வளைவுமாக ஒரு சந்தை மண்டபம். கவிதா காட்டிய பெண்டிகோ படங்கள் இப்படித்தான் இருந்தன. இறங்கிவிட்டேன். கழிப்பறையைத் தேடிப் போய்விட்டு வெளியே வந்து பார்த்தால் பேருந்து இல்லை. பையும் இல்லை. ஊரின் பெயர்ப் பலகையில் காசில்மெய்ன் என்று இருந்தது. தங்கம் கிடைத்த காலத்தில் கட்டிய ஊர்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன. எங்கள் டவுன்ஷிப்பில் முப்பது வட்டத்து வீடுகளும் ஒன்று போல இருக்கின்றன என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும். இனி வராது.

ஒரு பேக்கரிப் பெண் போன் கொடுத்து உதவினாள். காத்திருந்தபோது கையில் ஒரு பண்டத்தையும் கொடுத்தாள். இங்கிலாந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்ததாம். சோமாசுக்குள் இனிப்புக்குப் பதில் வெந்த உருளைக்கிழங்கும் கோசும் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. உப்பில்லை. “தடிமனான இந்த ஓரத்தை அவர்கள் அழுக்குக் கையால் பிடித்துக்கொண்டு மற்றதைத் தின்றுவிட்டு, ஓரத்தை எறிந்துவிடுவார்கள்” என்று விளக்கினாள். எனக்கு மொத்தத்தையும் எறிய வேண்டும் போல இருந்தது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து இளங்கோ காரில் வந்தார். குள்ளமான, பருத்த உடம்பு. அப்பாவின் அதே நெற்றி.

“சார், பெண்டிகோன்னா பெண்டிகோவுலதான் எறங்கணும் சார். இது இன்னா குறிஞ்சிப்பாடியா, ஒரு ஸ்டாப் முன்ன எறங்கி நடந்து வந்துடறதுக்கு?”

“பை?”

“பையி பத்தரமா பின்னாடி இருக்குது. பஸ்ஸுக்கார அம்மா கையில குடுத்துட்டுத்தான் போச்சி. இன்னா சார் இந்த கனம் கனக்குது, நிலக்கரியா?”

அந்த ‘பத்தரமா’ என்ற சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. காரிலேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “வேணாம் சார், வழி சொல்ற பொம்பள கோச்சிக்கும்” என்று அவர் வழிகாட்டும் கருவியைக் காட்டினார். அது பேசியது. அது முடித்தபோது அவர் பேசினார். வீடு வரை என் முறை வரவில்லை.

மறுநாள் காலை ஊர்சுற்றல். ஆகஸ்ட் மாதம், அங்கே குளிர்காலம். மூக்கு இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. இளங்கோவின் மனைவி மருத்துவமனையில் நர்ஸ், காலை ஷிப்ட். எனக்காக இட்லி அவித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த இட்லிதான் அந்த மூன்று நாளில் எனக்கு எரிச்சல் தராத ஒரே பொருள்.

பெண்டிகோவில் எதையும் சும்மா விட்டுவைக்கவில்லை. நாற்சந்தியில் பெரிய நீரூற்று, அதற்கு ஒரு பலகை. அரண்மனை மாதிரித் தபால் நிலையம், இப்போது அதில் தபால் இல்லை, பலகை இருக்கிறது. ஒரு சந்து முனையில் வெறும் கார் நிறுத்துமிடம். அங்கேயும் ஒரு பலகை: இந்த இடத்தில் ஒரு விடுதி இருந்தது, எரிந்துபோனது. எரிந்துபோன சாராயக் கடைக்குக்கூடச் சாட்சி வைத்திருக்கிறார்கள். இளங்கோ ஒவ்வொரு பலகை முன்னாலும் நிறுத்தி, முழுவதும் படித்து, எனக்குத் தமிழில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். “தெரியும் சார், ஆனா படிச்சா ஒரு இது” என்றார்.

பழைய சுரங்கம் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தலைக்கவசம், விளக்கு எல்லாம் மாட்டிக் கூண்டில் இறக்குகிறார்கள். நான் பார்த்த சுரங்கம் வானம் தெரிகிற சுரங்கம். மேல் மண்ணைச் சக்கர இயந்திரம் சீவி எடுக்க எடுக்க ஊர்கள் பின்வாங்கும். இங்கே ஊர் அப்படியே மேலே நிற்க, கீழே எலி வளை மாதிரிக் குடைந்து தங்கத்தை எடுத்திருக்கிறார்கள். வழிகாட்டி நரைத்த மீசைக்காரர். சுவரில் வெள்ளைப் படிகக் கோடு ஒன்றைக் காட்டி, “இதன் பின்னால்தான் ஒரு நகரமே ஓடி வந்தது” என்றார். எல்லாரும் முன்னால் நகர்ந்தார்கள். இருட்டில் இளங்கோவும் நானும் மட்டும் பின்னால். முகம் தெரியாத இருட்டு. இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

“இளங்கோ, உங்க ஊர் சர்வே சமயத்துல...” என்று தொடங்கினேன்.

மீசைக்காரர் துளைக்கும் கருவியை ஓட்டிக் காட்டினார். மண்டைக்குள் இரும்பைத் தேய்த்தது போல ஒரு சத்தம். அது நின்றதும் இளங்கோ, “இன்னா சார் சொன்னீங்க?” என்றார். “ஒண்ணுமில்ல, குளிருது” என்றேன்.

பழைய டிராமில் ஏறினோம். மணி அடிக்கும், போகிற வழியில் இருப்பதைப் பற்றிப் பதிவு செய்த குரல் பேசும். பாதி வழியில் டிராம் நின்றுவிட்டது. குரல் மட்டும் நிற்கவில்லை. நாங்கள் இன்னும் போய்ச் சேராத கோயிலைப் பற்றி, சீனத் தொழிலாளர்கள் கட்டிய சிவப்புக் கோயிலைப் பற்றி, உருக்கமாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஓட்டுநர் இறங்கிக் கம்பியைக் கோலால் குத்தினார். பயணிகள் கைதட்டினார்கள். இதற்கு ஏன் கைதட்ட வேண்டும்? நெய்வேலியில் ஷிப்ட் பஸ் இப்படி நின்றால் நாலு பேர் இறங்கித் தள்ளுவார்கள், மற்ற நாற்பது பேர் டிரைவரின் பரம்பரையை விசாரிப்பார்கள்.

பூங்காவில் சுரங்கத்தின் பழைய இரும்புக் கோபுரம் ஒன்றைப் பார்வை மாடமாக ஆக்கி நிறுத்தியிருந்தார்கள். அதில் ஏறி இறங்கியபோது என் முழங்கால் விடைபெற்றுக்கொண்டது. திரும்பி வரும் வழியில் சாலையோரம் ஒரு சிமெண்ட் தொட்டி. அதன் விளிம்பில் உட்கார்ந்தேன்.

“அதும் மேல உக்காராதீங்க சார்” என்றார் இளங்கோ. முதல் முறையாக அவர் குரலில் கேலி இல்லை. “அது குதிரைக்குத் தண்ணி வச்ச தொட்டி. செத்துப்போனவங்க நெனவா வச்சது. பேரு போட்டிருக்குது பாருங்க.”

எழுந்தேன். குதிரை எதுவும் நூறு வருடமாக இந்த வழியாக வந்திருக்காது. தொட்டியில் தண்ணீர் இருந்தது. இலை எதுவும் மிதக்கவில்லை.

“எங்க ஊர்லயும் இந்த மாதிரி ஒன்னு இருந்துச்சி சார். சுமைதாங்கி. எங்கம்மாவுக்கு எங்கப்பா வச்சது. எனக்கு நாலு வயசு அப்ப. அம்மா ரெண்டாவது முழுகாம இருந்து, ஆஸ்பத்திரி போற வழியில... ஊர் எடுத்தப்ப அதை சர்வேல எழுதிகினு, பத்தரமா எடுத்து வச்சிருக்காங்கன்னு எங்கப்பா சொல்லிகினே இருப்பாரு. மியூசியம் மாதிரி எங்கனா வச்சிருப்பாங்க, அரசாங்கத்து கல்லுன்னு எழுதியிருக்குது, தூக்கிப் போட மாட்டாங்கம்பாரு. சாவற வரைக்கும் சொன்னாரு.”

நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதுக்குத்தான் சார் உங்கள வரச் சொல்லிச் சொல்லி நச்சரிச்சது. நீங்க சர்வேல இருந்தவருன்னு கவிதா அக்கா சொன்னாங்க. அதெல்லாம் எங்க வச்சிருப்பாங்க? யாரைப் போய்க் கேக்கணும்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

மூன்று நாள் விடுப்பு, சுற்றுலா, இட்லி எல்லாம் எதற்கு என்று அப்போது புரிந்தது. அவரும் நாளெல்லாம் கேட்க வாய் வராமல் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். என் மேல் எனக்கு வந்த எரிச்சலுக்கு முன்னால் டிராமும் குளிரும் ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் எனக்கு மதியம் ரயில். அதற்கு முன் ஒரே ஒரு இடம் என்று கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். சீனத் தொழிலாளர்களைப் புதைத்த பகுதி. கற்கள் சாய்ந்திருந்தன, ஆனால் ஒவ்வொன்றிலும் சீன எழுத்து. பக்கத்தில் செங்கல்லால் கட்டிய ஓர் அடுப்புக் கோபுரம். இறந்தவர்களுக்கான காகிதங்களை அதில் எரிப்பார்களாம்.

“இந்த ஊர்ல இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க எத்தினி பேரு இருப்பாங்க? இருந்தாலும் வச்சிருக்கானுங்க பாருங்க” என்றார் இளங்கோ.

இனித் தள்ளிப்போட எனக்கு ஒரு பலகையும் மிச்சமில்லை. பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். “நில அளவைக் கல் மூணுன்னு இருக்கு பாருங்க. அது என் கையெழுத்து. அதுதான் உங்க அம்மா கல்லு” என்றேன். மிச்சத்தையும் சொன்னேன். வண்டி மாட்டோடு அவர் அப்பா வந்ததை, கேஸ் ஆகும் என்று நான் மிரட்டியதை, புல்டோசரை, கற்பூரத்தை. “எந்த மியூசியத்துலயும் இல்ல. உடைஞ்சு போச்சு. நான் நின்னு பார்த்தேன்.”

அவர் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசிக்கொண்டே போனேன், நிறுத்தத் தெரியவில்லை. “எல்லா அளவும் இதுல இருக்கு. நட்ட கல்லு ரெண்டும் தரையிலேர்ந்து நாலடி. மேல் கல்லு மூணேகால் அடி. கிழக்கே புளிய மரத்திலேர்ந்து எத்தனை மீட்டர்னுகூட இருக்கு. வேற ஒரு கல்லு...”

“எங்கம்மா பேரு இன்னா?” என்றார்.

நான் அவர் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தேன்.

“அளவெல்லாம் சொல்றீங்க. முப்பது வருசம் மனசுல வச்சிகினு இருந்தேன்றீங்க. எங்கம்மா பேரு சொல்லுங்க.”

எனக்குத் தெரியாது. கலியபெருமாளின் மனைவி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கல்லில் எழுத்து எதுவும் இல்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. இந்த ஊரில் ஒரு குதிரைத் தொட்டியில்கூடப் பெயர் இருந்தது.

“நீங்க சொல்லுங்க. எழுதிக்கறேன்” என்றேன்.

“நான் சொல்ல மாட்டேன்” என்றார். குறிப்பேட்டை மூடி என் பையில் அவரே வைத்தார். ஜிப்பை இழுத்து மூடினார்.

காரில் வழிகாட்டும் கருவியைக்கூட அவர் போடவில்லை. நிலையத்தில் பையை இறக்கி நடைமேடை வரை தூக்கி வந்து வைத்துவிட்டு, “பாத்து எறங்குங்க” என்று மட்டும் சொன்னார். அன்றைக்குப் பார்த்து ரயில் இருந்தது. ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. மெல்போர்ன் வரை ஒரு தடங்கலும் வரவில்லை. தடங்கல் வேண்டியிருந்தபோது அது வரவில்லை.

ஊர் திரும்பியதும் தேடத் தொடங்கினேன். ஆலங்கொல்லைக்காரர்களைக் குடியமர்த்திய மனைகள் எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரம். இத்தனை வருடம் அந்தத் தெருவுக்குள் நான் போனதில்லை. நாலு நாள் போனேன். “கலியபெருமாளு பொண்டாட்டியா? நல்ல பொம்பள.” “இளங்கோ அம்மா. அதுக்கு மேல தெரியாதுங்க.” “அண்ணின்னுதான் கூப்புடுவோம்.” சொன்னவர்கள் எல்லாம் ஆண்கள். கடைசியில் குழாயடியில் ஒரு பெண், “அது மேல்பட்டாம்பாக்கத்துப் பொண்ணு. தங்கச்சி இன்னும் அங்கதான் இருக்குது” என்றார்.

மேல்பட்டாம்பாக்கத்துக்கு இரண்டு பஸ் மாறினேன். முதல் பஸ் பண்ருட்டியில் பஞ்சர். தங்கைக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். வாசலில் கொத்தமல்லி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, “யாருங்க? எந்த ஆபீசு?” என்றார்.

நான் ஆலங்கொல்லையில் சர்வே செய்தவன் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

“அந்தக் கல்லை ஒடைக்க வுட்டவன் நீதானா?” மரியாதை போய்விட்டது. அது சரிதான். “எங்க மாமன் வருசா வருசம் பொங்கலுக்கு இங்க வந்து, ‘உங்க அக்கா கல்லு கெவுருமெண்டுல இருக்குது’ன்னு பெருமையா சொல்லிகினு போனாரு. அந்த ஆளு கோமாளியாட்டம் சொல்லிகினு திரிஞ்சதுக்கெல்லாம் நீதான் காரணமா? இத்தினி வருசம் எங்க இருந்த?”

“பதினஞ்சு கிலோமீட்டர்ல” என்றேன்.

அவர் கொத்தமல்லியைக் கிளறினார். பிறகு நிமிராமலே, “விருத்தாம்பா. எங்கக்கா பேரு விருத்தாம்பா. எழுதிக்க. எழுதறதுதான உன் வேல” என்றார். எழுதிக்கொண்டேன். குறிப்பேட்டில், அந்தப் பழைய வரிக்கு நேராக.

கல் வைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. திண்டிவனம் பக்கத்துக் கல்தச்சர், “சுமைதாங்கியா? யாருங்க இப்ப தலையில சுமை தூக்கிகினு வராங்க? பெஞ்சு மாதிரி செஞ்சித் தரட்டா?” என்றார். ஊரில் வார்டு உறுப்பினர், திறப்பு விழா வைத்து தலைவர்கள் படம் போட்ட பேனர் கட்டலாம் என்றார். வேண்டாம் என்றதற்கு ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. ஒருவழியாக ஆலங்கொல்லைக்காரர்கள் குடியிருப்பின் முனையில், ஷிப்ட் பஸ்ஸும் கான்ட்ராக்ட் ஆட்களின் வேனும் நிற்கிற இடத்தில், டீக்கடைக்கு எதிரே கல்லை நட்டோம். மேல் கல்லின் முகப்பில் ‘விருத்தாம்பாள்’ என்று மட்டும் வெட்டச் சொன்னேன். என் பெயர் எங்கும் இல்லை.

படம் எடுத்து இளங்கோவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் இல்லை. பதினொரு நாள் கழித்து ஒரு குரல் செய்தி வந்தது. வணக்கம் இல்லை, சார் இல்லை.

“பேரு சரியா இருக்குது. அடியில எதுக்கு சிமெண்ட் மேடை? மேடை மேல வச்சா ஒசரம் ஜாஸ்தி. தலையில சுமையோட வர்றவங்க எப்பிடி ஏறுவாங்க? கல்லு தரையிலேர்ந்து தோளுக்கு வரணும். மேடைய எடுத்துடுங்க.”

அழகாக இருக்கட்டும் என்று மேஸ்திரி போட்ட ஒன்றரை அடி மேடை. தரையிலிருந்து நாலடி என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். ஆயுள் முழுக்க அளந்தவன், அதைப் பார்க்காமல் நின்றிருக்கிறேன். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கல்லைப் பிடுங்கி, மேடையை உடைத்து, மண்ணில் மறுபடி நட்டோம். டேப்பை வைத்து நானே அளந்தேன். நாலடி. மறுபடியும் படம் அனுப்பினேன். அதற்குப் பதில் வரவே இல்லை.

பொங்கல் முடிந்து இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். டீக்கடைக்காரர் கூப்பிட்டார்.

“சார், நேத்து காருல ஒருத்தரு வந்தாரு. குள்ளமா, குண்டா. பெரிய பெட்டிய எறக்கி அந்தக் கல்லு மேல தூக்கி வச்சாரு. ‘வழுக்கிடும், கீழ வைங்க’ன்னேன். ‘இருக்கட்டும்ணா, செத்த நேரம்’னாரு. அப்பிடியே கையை மேல வச்சிகினு நின்னாரு. அப்பறம் பெட்டிய எடுத்து வச்சிகினு கெளம்பிட்டாரு.”

“என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?”

“இல்லையே சார். கேட்டிருந்தா வடக்குத்துக்கு வழி சொல்லியிருப்பனே.”

வடக்குத்துக்கு வழி இளங்கோவுக்குத் தெரியும். விலாசமும் தெரியும், கவிதா கொடுத்திருக்கிறாள்.

நான் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மதிய ஷிப்டுக்குப் போகிற கான்ட்ராக்ட் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருத்தி கையில் சாப்பாட்டுக் கூடை, தண்ணீர்க் கேன், தலைக்கவசம் எல்லாம் இருந்தன.

“பெரியவரே, செத்த தள்ளி நில்லுங்க. பையி வைக்கணும்” என்றாள்.

தள்ளி நின்றேன்.